இரண்டு விரல் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. பாட்டில்மேல் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தைப் படிப்பதுபோல் நான் பாவனை செய்ததை அக்கா கவனித்திருக்க வேண்டும். மறுநாள் ஊற்றுத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல், மழைத் தண்ணீருக்கு நீல நூல். "பார்க்க அழகா இருக்குல்ல தம்பி?" என்றதோடு சரி.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. சுண்ணாம்புக்கல் மலையடி ஊற்றில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பவர். மலை முழுக்கப் பொந்தும் குழியும்தான். மேலே ஒரு குழியில் குப்பை கொட்டுகிறார்கள். கீழே ஊரே ஊற்றைக் குடிக்கிறது. மேலே பெய்வது கீழே வர வருஷக்கணக்காகும் என்பது அதிகாரியின் கட்சி. நாலே நாளில் வருகிறது என்று காட்டினால்தான் குழியை மூடுவார்கள்.

"எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"தண்ணியிலயே கனமானது, லேசானது இருக்கு தம்பி. மழையில அந்தக் கலவை வேற, ஊற்றுல வேற. பேஞ்சப்புறம் ஊற்றோட கலவை மாறுச்சுன்னா, மழை வந்து சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

அவர் போனதும் கைக்கொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தேன். இடதுதான் கனம். மாற்றிப் பிடித்தேன், அப்போதும் இடதுதான்.

பெருமழைக்கு நாலாம் நாள் அக்கா ஊற்றில் இறங்கி நனைந்தபடி வந்து ஒரு சிவப்பு நூல் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். துடைக்கிறேன் பேர்வழி என்று மூடியைத் திருகி இரண்டு விரல் தண்ணீரைச் சிந்திவிட்டேன். இவ்வளவு பாடுபட்டவருக்குக் குறைப் பாட்டிலா? குழாயைத் திறந்து தளும்பத் தளும்ப நிரப்பினேன். புண்ணியம் செய்த பூரிப்பு வேறு!

மறுநாள் அக்கா, "ஒரு குமிழிகூட இல்லாம பிடிச்சேன். வேற தண்ணி கலந்தா எல்லாம் போச்சு" என்றார். சாப்பிடும்முன் கடவுளைக் கும்பிடக் கண்ணை மூடினேன். குழாய்தான் தெரிந்தது. எழுந்துபோய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் நெரப்பியிருக்கீங்க." பதிவேட்டில், 'பாட்டில் பழுது, என் கவனக்குறைவு' என்று எழுதினார். அந்தப் பொய்யின் பாவத்தை என் கணக்கில் எழுதிவிடும்படி ஆண்டவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த பெருமழைக்கு நாற்பது நாள் ஆயிற்று. என்னளவுக்கு எந்த விவசாயியும் மழையை வேண்டியிருக்கமாட்டார். அக்கா மறுபடி நனைந்தார். நாலாம் நாள் கலவை மாறியிருந்தது. குழியை மூடினார்கள்.

அக்காவுக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். அவர் குடிக்க வைத்திருந்த பாட்டிலில் பாதிதான் இருந்தது. பக்கத்திலேயே குழாய். கை துறுதுறுக்க நீட்டிவிட்டேன்.

அக்கா பாட்டிலை மடியோடு அணைத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, கொறஞ்சே இருக்கட்டும். நீங்க நல்லா இருங்க."