காதிர் வாசல் சருகு

சமத் ஜூ என்ற பெயரை ஸூனா முதலில் கேட்டது, சம்பந்தம் பேச வந்த தரகர் வாயில்தான். "மாமனாரு தங்கமான மனுஷன், வன்மத்த மட்டும் மறக்க மாட்டாரு" என்றார்.

கீழே விழுந்த சினார் மரத்துச் சருகு, பெருக்குகிறவருக்கே சொந்தம். காஷ்மீரத்துக் குளிரில் நெருப்புச்சட்டிக்கு அந்தச் சருகுக்கரிதான் கதி. ஒரு வருஷம் சமத் ஜூவின் மனைவி பிரசவித்துக் கிடந்தபோது, பக்கத்து வீட்டுக் காதிர் அவர்கள் மரத்தடியை ஒரு சருகு விடாமல் வழித்துக்கொண்டு போனான். அந்தக் குளிரில் பச்சைக் குழந்தை விறைத்துச் செத்தது.

காதிர் கிழவனாகி இடுப்பு முறிந்து கிடந்த வருஷம், இலையுதிர் காலத்தில், சமத் ஜூ குடும்பத்தோடு அவன் வாசல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அவர் வீட்டிலிருந்து உப்புத் தேநீரும் ரொட்டியும் வந்தன. பேத்திகள் சருகில் புரண்டு சிரித்தார்கள். மருமகள் ஸூனா பெருக்கினாள்.

"அண்ணே, ரெண்டு கூடையாவது விட்டுட்டுப் போ" என்று சன்னலிலிருந்து கெஞ்சினான் காதிர்.

"பெருக்கினவனுக்குத்தான் சருகுன்னு நீதானேடா அன்னைக்குச் சொன்ன? எந்திரிச்சு வந்து பெருக்கு!" தேநீரை ருசித்து உறிஞ்சினார் சமத் ஜூ. "ஸூனாம்மா, சன்னலுக்குக் கீழ கொஞ்சம் கிடக்கு பாரு."

ஸூனா ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதையும் வாரினாள்.

பனி விழுமுன் காதிர் ஜம்முவிலுள்ள மகள் வீட்டுக்கே போய்விட்டான். சமத் ஜூ இன்று காலையும் அந்த மரத்தடியில்தான் பேத்திகளோடு உட்கார்ந்திருக்கிறார்.