அடுக்குச் செவ்வரத்தை

வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் இன்று மாலை நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பொடியன் ஒருவன் தொலைபேசியில், "ஓம் அப்பா, கேக்குது, சொல்லுங்கோ" என்று சத்தமாகத் தமிழில் கதைத்தான். என் கால்கள் தாமாகவே விரைந்தன.

அது போர்க்காலம்; எனக்குப் பதினான்கு வயது. கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இதே பாதையில் கல்கிசை வரை நடப்பார். வேலிக்கு வேலி நின்று பூக்களைப் பார்ப்பார். "றோட்டில தமிழ் கதையாதேங்கோ, ஆமி நிக்கும்" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவா. "பூவுக்கு என்ன பாஷை?" என்று அப்பா சிரிப்பார். நான் பயத்தில் யாரோ போல முன்னால் நடப்பேன்.

ஒருநாள் தெஹிவளையில் வேலியோரச் சிவப்புப் பூவொன்றைக் காட்டி அப்பா, "தம்பி, நில்லடா, எங்கட ஊர் அடுக்குச் செவ்வரத்தை" என்று கூப்பிட்டார். எதிரே இரண்டு ராணுவத்தினர் நின்றார்கள்.

"அந்தாள் உன்னையா கூப்பிடுகிறார்?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"தெரியாத ஆள்" என்றேன், பிசகில்லாத சிங்களத்தில். அப்பாவுக்கும் அது கேட்டது.

அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் காலையில்தான் விட்டார்கள். நான் சொன்னதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்லாச் சிங்களம் கதைக்கிறாய், தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. அதன் பிறகு அவர் நடக்கப் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இன்று அந்தப் பொடியனின் குரல் வெகுநேரம் என் பின்னால் வந்தது. நின்று அவனுக்கு வழிவிடத்தான் நினைத்தேன். மூச்சு வாங்க, கல்கிசை வரை நிற்காமல் நடந்தேன்.