எல்லார் வீட்டுக் கூழும் ஒரே அண்டாவில்

அந்த ஆள் ஜெயிலிலேயே கிடந்து சாகட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவன் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. என் மகளுக்கு எட்டு வயசு. அவள் தொண்டைக்குள் குழாய் விட்டதைக் கதவோரம் நின்று பார்த்தவன் நான்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்களுக்கு ஒரு வழக்கம். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்திலோ வாளியிலோ கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கிவிடுவோம். அதன்பிறகு இது உன் வீட்டுக் கூழ், அது என் வீட்டுக் கூழ் என்ற பேச்சே கிடையாது. முதல் சொம்பு பிள்ளைகளுக்கு. அப்புறம்தான் பெரியவர்கள். வாளிகளை வாங்கி அண்டாவில் ஊற்றுவது என் வேலை.

போன ஆடியில் தெருக்கோடி வீட்டுக்காரரும் வாளியோடு வந்தார். அதற்கு முன் மூன்று வருஷம் அவரை ஊர்க்கட்டுப்பாட்டில் வைத்திருந்தோம். யாரும் அவரோடு பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, அவர் வீட்டுக் கூழ் அண்டாவில் சேராது. ஊர்க்காரர்களே ஏரி மண்ணை அள்ளி விற்கிறார்கள் என்று மனு கொடுத்தார், அதுதான் அவர் செய்த குற்றம். மண் அள்ளிய டிராக்டர்களில் என்னுடையதும் ஒன்று. மூன்று வருஷம் கழித்து, சித்திரையில், ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிட்டார். சேர்த்துக்கொண்டோம்.

"வாண்ணா, வா" என்று இரண்டு கையாலும் வாளியை வாங்கினேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொம்போடு வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார். முதலில் நின்றவள் என் மகள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐயோ, அந்தக் கோயில் வாசல்! ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது, பக்கத்துப் பிள்ளை சுருண்டது, அப்புறம் வரிசையாக. பயிருக்கு அடிக்கிற மருந்து. புளித்த கூழ், கருவாட்டுக் குழம்பு வாடையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அம்மன் புண்ணியம், ஒரு உயிரும் போகவில்லை. போலீஸ் போனபோது அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். "நான்தான் ஊத்துனேன்" என்றாராம். ஏன் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

மறுநாள் எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எதுக்கு இப்படிப் பண்ணான்? ஊர்ல ஏதாவது பகையா?"

எங்கள் ஊர்க்கூட்டத்தை நடத்தும் பெரியதனக்காரர் பக்கத்தில் இருந்தார். அவர் முந்திக்கொண்டார். "பகை இன்னா சார் பகை. பொண்டாட்டி செத்ததுலேர்ந்து குட்சிக்கினே கீறான். புத்தி பேதலிச்சுப்போச்சு." என் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா?"

"ஆமா சார்" என்றேன்.

அந்த மனிதர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. கட்டுப்பாடு என்று சொன்னால் எங்கள் மேலும் கேஸ் வரும். தவிர, எனக்கென்ன வந்தது? பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவனுக்குக் காரணம் ஒரு கேடா? தூக்கில் போடு, முடிந்தது.

மூன்றாம் நாள் மகள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். அப்புறம் கம்மிய குரலில், "அந்தப் பெரிப்பா ஏம்பா எங்களுக்கு வெச்சாரு? நாங்க இன்னா பண்ணோம்?" என்றாள்.

"அவன் பைத்தியம்மா."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "புள்ளகிட்டயும் அதையேதான் சொல்லுவியா? அந்தக்கா செத்த அன்னிக்கு வண்டி கேட்டுக்கினு வந்தாரே, அத்த சொல்லு."

கட்டுப்பாட்டின் இரண்டாம் வருஷம் அவர் மனைவி இறந்துபோனாள். பாடை தூக்க நாலு தோள் இல்லை. வெளியூரிலிருந்து மச்சான் ஒருத்தர்தான் வந்திருந்தார். தெருக்கோடி வீட்டுக்காரரே என் வாசலில் நின்று, "டிராக்டராவது குடுப்பா, சுடுகாடு வரைக்கும்" என்று கேட்டார். "பேட்டரி டவுன்ணா" என்றேன். இரண்டு பேருமாகத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அதே டிராக்டரில் நான் எதிரே போனேன். வைக்கோல் ஏற்றுகிற அவசரம். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். இத்தனை நாளாக இது எனக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

இதற்காகப் பச்சைப் பிள்ளைகளைக் கொல்லப் பார்ப்பதா? கூடாது, கூடவே கூடாது. ஆனால் பைத்தியம் என்று எழுதி அவரை உள்ளே தள்ளிவிட்டால், நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கட்டுப்பாட்டில் வைப்போம். அந்த ஆளும் ஒருநாள் வாளியோடு வருவான்.

ஸ்டேஷனுக்குப் போய், நான் முன்னால் சொன்னது பொய் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். "அன்னிக்கு வண்டி நெஜமாவே ரிப்பேரா?"

"இல்ல சார். ஓடுச்சு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவனுக்குத் தண்டனை மட்டும் குறையக் கூடாது சார்" என்றும் சொன்னேன்.

மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். டீக்கடையில் பெரியதனக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஊரையே காட்டிக் குட்த்துட்ட இல்ல? வர்ற ஆடிக்கு உன் வூட்டுக் கூழு வாணாம்." கடைக்காரர் எனக்காக எடுத்த கிளாஸைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. அப்போது மனசில் ஓடியதை எழுதக் கூசுகிறது. எங்கள் மாட்டுக்கொட்டகையில் பயிர் மருந்து டப்பா எந்த மூலையில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. எனக்கு, அந்தக் குழாயைப் பார்த்த எனக்கு!

வீட்டுக்கு ஓடிவந்து அந்த டப்பாவை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேன். என் கண்ணில் படாமல் எங்காவது கொண்டுபோய்த் தொலை என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.