முகம் காட்டாத அம்மா

அடுப்பின் முன் குனிந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி, "வந்துட்டியா சாமி? கையக் களுவிட்டு வா" என்று அந்த அம்மா சொன்ன கணம் இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் மிளகு விளைவிக்கிற குடும்பம் அவருடையது. நான் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மசாலாப் பொடிக்கு ஒரே படம் எடுத்துத் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா எல்லாவற்றிலும் ஓட்டிவிடுவது எங்கள் மேலாளரின் திட்டம். எங்கே போனாலும் அம்மா சோறு போடுகிறாள், மகன் சாப்பிடுகிறான், அப்புறம் எதற்குத் தனித்தனிப் படம் என்பார். முதுகும் கையும் தெரியலாம், அம்மாவின் முகத்தை மட்டும் காட்டக்கூடாது. முகம் தெரியாவிட்டால் அவள் எல்லோருக்கும் அம்மா ஆகிவிடுவாளாம். கெட்டிக்காரர்தான்.

கல்யாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு மலேசியாவுக்குப் போன அந்த அம்மாவின் ஒரே மகன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் பார்ப்பான் என்றுதான் நடிக்கவே சம்மதித்திருந்தார். முகம் வராது என்றதும், "மொகம் வராட்டிப் போச்சாதுங்க. பேச்சு வருமுல்லங்க? என்ற கொரலக் கேட்டா அவனுக்குத் தெரிஞ்சுரும்" என்றார். வரும் என்றுதான் நானும் நம்பினேன்.

சென்னையில் மேலாளர் அந்த அம்மா பேசிய பதிவைப் போட்டுக் கேட்டார். "பெத்த பிள்ளைய சாமின்னு கூப்பிட்டா மத்த ஊர்ல யாருக்குப்பா புரியும்?" வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. எந்த ஊரையும் சேராத தமிழில் ஒரு பெண் "வா மகனே, சாப்பிடலாம்" என்று பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் எல்லா நாட்டிலும் நன்றாகவே ஓடியது.

அண்மையில் மலைக்குப் போனபோது அந்த அம்மா இல்லை. எப்படியோ சேதி எட்டி, கருமாதி முடிந்த பிறகு வந்து சேர்ந்திருந்த மகன்தான் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தான். அந்த மசாலா விளம்பரத்தில் நடித்தது அவன் அம்மாதான், குரல் மட்டும் வேறொருவருடையது என்று சொன்னேன்.

"அதுங்களா? நான் வேல செஞ்ச ஓட்டல் டிவில தெனமும் போடுவாங்க. அந்தக் கையப் பாத்தா எங்கம்மா ஞாபகந்தான். ஊட்டுக்குப் போன் பண்ணீரலாம்னு எடுப்பனுங்க. அதுக்குள்ள அந்தம்மா மகனேன்னு கூப்புடும். எங்கம்மா என்னய அப்படிக் கூப்புட்டதே இல்லீங்க. யாரோன்னு வெச்சுருவனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை. மிளகைத் துழாவியபடியே கேட்டான்: "அன்னிக்கு எங்கம்மா பேசுனது உங்க ஆபீசுல இருக்குமுங்களா? ஒருக்காக் கேட்டுக்கறனுங்க."

புதுக் குரல் வந்த அன்றே பழையதை அழித்துவிட்டிருந்தார்கள். இல்லை என்று அவனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.