ஒன்பதாவது கேள்வி

அன்று திடலோரப் பழைய ரப்பர் பால் கொட்டகையின் கீழ் இருந்தவர்கள் ஐந்து பேர். லாரி ஓட்டும் அண்ணன், அவர் மனைவி, மனைவியின் தம்பி, கோல்காப்பாளரின் அப்பா, பிறகு நான். அவர்கள் பழைய தோட்டத்துக் குழுவின் கால்பந்து ஆட்டம் பார்க்க வந்தவர்கள். நான் கருத்துக்கணிப்புக்கு வந்தவள்.

விளையாட்டு ரசிகர்களின் நம்பிக்கைகள் பற்றி நாற்பது கேள்விப் பாரம் நிரப்ப வேண்டும். பாரத்துக்கு ஐந்து வெள்ளி கூலி. முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. கடைசிப் பாரத்துக்கு லாரி அண்ணனைப் பிடித்தேன். ஆறரைக்குள் ஈப்போவில் மேற்பார்வையாளர் கையில் கொடுக்காவிட்டால் ஒரு பாரத்துக்கும் காசில்லை. மகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் அதை நம்பித்தான் இருந்தது. பேருந்துக்காரர் முகம் ஞாபகத்துக்கு வர, நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

கேள்வியை ஒரு சொல் மாறாமல் படிக்க வேண்டும், பதிலை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. ரெண்டாம் பாரத்தோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள் நான். தப்பாகப் படித்துவிடுவேனோ என்று ஒன்பதாவதை விரல் வைத்துப் படித்தேன்.

"நீங்கள் செய்யும் ஏதாவது ஒன்று ஆட்டத்தின் முடிவை மாற்றும் என்று நம்புகிறீர்களா?"

"அதெல்லாம் இல்லலா. இல்லன்னே போடுங்க," என்றார் லாரி அண்ணன்.

'இல்லை'யில் கோடு போட்டேன். அந்த நேரம் நம்ம குழு ஒரு கோல் போட்டது.

மிச்சக் கேள்விகளை முடித்து எழுந்தேன். அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுச் சமமாக்கிவிட்டது.

"எங்க போறீங்க அக்கா?" என்றார் மனைவி. "ஒம்பதாவதப் படிச்சப்ப தானே நமக்கு விழுந்துச்சி. இன்னொருக்கா படிங்க."

"எனக்கு நேரமாயிருச்சி."

"உங்க காசுக்கு நாங்க பொறுப்பு," என்றார் தம்பி. "உக்காருங்க."

"அப்பன்னா 'ஆமா'ன்னு மாத்தவா அண்ணே?"

"மாத்தாதீங்க. இது நம்பிக்கை இல்ல, ஒரு சாக்கிரதை."

கோல்காப்பாளரின் அப்பா என் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். கிளம்பிப் போய் இவர்கள் தோற்றால் ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். போகாவிட்டால் இருநூறு வெள்ளி போச்சு. படித்தேன். லாரி அண்ணன் இல்லை என்றார். மறுபடி படித்தேன். மறுபடி இல்லை. பத்துத் தடவைக்குமேல் எண்ணவில்லை. கடைசியாகப் படித்தபோது நம்ம ஆள் அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

விசில் ஊதும்போது மணி ஆறு இருபது. ஈப்போவுக்கு அரைமணி ஓட்டம். போனபோது மேற்பார்வையாளர் கார் இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை.

மறுநாள் பாரங்களை எடுத்துக்கொண்டு புந்தோங்கில் லாரி அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். மறுக்கவில்லை. நாலு பேரிடமும் வசூலித்து நூற்று முப்பத்தைந்து தந்தார். மிச்சத்துக்கு, அடுத்த ஆட்டத்துக்கும் வந்து படிக்கச் சொல்கிறார். நான் போகவில்லை. அறுபத்தைந்து வெள்ளி இன்னும் வரவேண்டியிருக்கிறது.