சிவப்புச் சிங்கத்தில் கோப்பை கழுவியவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மல்வேர்னில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, எங்கள் பேஸ்மென்ற் வாசலில் அறைத்தோழன் ரவி நின்றான். "குணம் அண்ணைக்கு வேலையில ஹார்ட் அற்றாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது" என்றான். உள்ளே, எங்களோடு குடியிருந்த அண்ணை உடுக்கும் சாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடிப்பதா, விடுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அவரும் நானும் ஸ்காபரோவில் ஓர் ஆங்கில பப்பின் குசினியில் கோப்பை கழுவினோம். கடையின் பெயர் ரெட் லயன். பலகையில் நாக்கை நீட்டியபடி ஒரு சிவப்புச் சிங்கம். எங்கள் நாட்டின் சிங்கக் கொடிக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் வேலை செய்ய உகந்த இடம். ரவி விடமாட்டான்: "கடல் தாண்டி வந்து அதுக்கே கோப்பை கழுவுறியள், என்ன அண்ணை?"

அண்ணை கோபிக்கவில்லை. குடிக்க வரும் கிழவர்களிடம் பெயர்க்காரணம் விசாரித்து வந்தார். வடக்கேயிருந்து வந்து இங்கிலாந்துக்கு ராசாவான ஒருவர், தன் சிங்கத்தை முக்கியமான கட்டிடங்களிலெல்லாம் போடச் சொன்னாராம். இன்னொரு கிழவர், அது வேறொரு பிரபுவின் சின்னம் என்றாராம். அண்ணை இரண்டையும் நம்பினார். "புதுசா வாறவன் தன்ர சிங்கத்தை எல்லா வாசலிலையும் தொங்கவிடுவான். உது உலக வழக்கமடா."

கோவிலில் அவரைக் கண்டிருந்தால் உங்களுக்கும் ரோயல் ஓக் என்ற பப் பெயரின் கதையைச் சொல்லியிருப்பார். போரில் தோற்ற இளவரசன் ஓக் மரத்தில் ஒளித்திருந்தான். கீழே படையினர் தேடினார்கள். பிறகு அவன் ராசாவானான். பப்புகளுக்கு அந்த மரத்தின் பெயர் வந்தது. "நானும் ஆமிக்குப் பயந்து பனை வடலிக்குள்ள ஒளிச்சனான். வடலிக்கு ஒருத்தரும் பேர் வைக்கேல்லை" என்பார். ஊரில் கள்ளுத் தவறணைகளுக்கு ஏன் பெயரில்லை என்று ரவி கேட்டான். "போனதை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாத இடத்துக்குப் பேர் எதுக்கு?" என்றார் அண்ணை.

மனைவி சாந்தி அக்காவும் மகளும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட அண்ணை ஸ்பொன்சர் செய்திருந்தார். மெடிக்கலும் முடிந்து விசாவுக்குக் காத்திருந்தார்கள். "செக்பொயின்ற்றில சிங்கத்தைக் கண்டாலே பிள்ளை அழும். இஞ்ச கூட்டிவந்து, இது சோறு போடுற சிங்கம் எண்டு காட்டவேணும்" என்பார்.

லொட்ஜுக்கு நான்தான் போன் எடுத்தேன். அக்கா நெடுநேரம் அழுதார். பிறகு கேட்டார்: "தம்பி, அவர் போட்ட விசா இனி வருமோ?"

வழக்கறிஞரிடம் போனேன். ஸ்பொன்சர் செய்தவர் இறந்தால் விண்ணப்பமும் அத்தோடு முடிந்ததாம். இதற்கு வேறு கதை சொல்ல எந்தக் கிழவரும் கிடைக்கவில்லை.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த லொட்ஜின் தொலைபேசி இலக்கம். ஞாயிறுதோறும் எடுக்கிறேன்.

"ஏதும் தெரிஞ்சுதோ, தம்பி?"

"விசாரிச்சுக்கொண்டிருக்கிறன், அக்கா."