இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

காலை ஏழரைக்குக் கணினியைத் திறந்ததும் அனுசுயா இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவார். முதலில் பெரியவர், அடுத்துச் சின்னவர். இருவரும் தங்கள் பதிப்பு எண்ணைத் திரையில் சொன்ன பிறகுதான் காபி. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும்தான் அந்த இருவர். ஒரே லினக்ஸ் கணினியில் தனித்தனி ஃபோல்டரில் குடியிருக்கிறார்கள். “புதுசு வந்துச்சின்னு பழசத் தொரத்திட முடியுமா? ஆளுக்கொரு ரூமு குட்த்துட்டா சண்ட இல்ல” என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. திருத்தணியில் மலைப்படிகள் தெரியும் மாடியறைதான் அலுவலகம். பொதட்டூர்பேட்டை விசைத்தறிகளுக்கு, லுங்கியின் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், எந்த நிற இழை எத்தனை வரவேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் நிரல் அவருடையது. அவருடையது மட்டுமல்ல. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவரும் தோழி மணியம்மையும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியது. கட்டங்களின் கணக்கு மணியம்மைக்கு, கரையின் கணக்கு அனுசுயாவுக்கு. ஒருவர் தட்டினால் மற்றவர் வேர்க்கடலை உரிப்பார். கீபோர்டின் இடுக்கெல்லாம் கடலைத்தோல். அதைச் சொல்லும்போது அனுசுயா இப்போதும் சிரித்துவிடுகிறார்.

ஒருநாள், கரையை ஒட்டிய கட்டத்தின் நடுவே வரக்கூடாத சிவப்புக் கோடு வந்தது. ஒரு பாவு முழுக்க வீண். மணியம்மையின் பகுதியில் ஒரு வரியை மாற்றிப் பார்த்தார் அனுசுயா, கோடு போய்விட்டது. தப்பு அவளுடையதுதான் என்று தறிக்காரர்கள் எதிரிலேயே சொன்னார். என் கணக்கு சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறிய மணியம்மை, பிறகு வரவேயில்லை.

இந்த ஆடிக் கிருத்திகை கழிந்த வாரம், தறிக்கூடம் வைத்திருக்கும் பரணிதரன் புதுக் கணினி வாங்கினார். அதற்காக நிரலைச் சின்னவரிடம் கொடுத்தபோது, அதே சிவப்புக் கோடு. பெரியவரிடம் கொடுத்தால் கோடு இல்லை.

“பழசுலயே ஓட்டிக்கலாங்க. எதுக்கு நோண்டிகினு?” என்றார் பரணிதரன்.

அனுசுயா கேட்கவில்லை. எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் காட்டச் சொல்லிச் சின்னவரை மறுபடி ஓட்டினார். பெரியவர் இத்தனை ஆண்டுகள் வாய் திறக்காததைச் சின்னவர் வரி எண்ணோடு சொன்னார். ஓர் எண்ணிக்கைக்குத் தொடக்க மதிப்பே தரப்படவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. கரைப்பகுதி. அனுசுயாவே எழுதியது. அன்று மணியம்மையின் வரியை மாற்றியதில் பிழை தீரவில்லை, ஒளிந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தார். பெரியவரும் சின்னவரும் கோடில்லாத ஒரே விடையைத் தந்தார்கள். பரணிதரன் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

அனுசுயா போனை எடுத்தார். மணியம்மையின் எண் மாறியிருக்கவில்லை.

“நான் அனு பேசறேன். அந்தச் செவப்புக் கோடு… என்னுது மணி. உன்னுது இல்ல.”

“ஆங். எந்த வரி?” என்றார் மணியம்மை.

அனுசுயா வரி எண்ணைச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இருவரும் சேர்ந்து எழுதிய நிரலை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசிக்கத் தொடங்கினார்.